லண்டனில் அவசரத்துக்குத்தான் காசு: ஒரு பஸ் ஓட்டுநரின் சிக்கன வழிகாட்டி

லண்டன் விலை கூடிய ஊர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எதற்கு விலை கூட என்று கொஞ்சம் உற்றுப் பார்த்தால், முக்கால்வாசி அவசரத்துக்குத்தான். விமான நிலையத்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் நகருக்குள் வந்து சேர ஒரு விலை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் அதில் கால்வாசிகூட ஆகாது. உயரமான கட்டடத்தில் ஏறி ஊரைப் பார்க்க இன்றைக்கே வேண்டும் என்றால் பணம். முன்கூட்டியே பதிவு செய்தால் இலவசம். நேரத்தைக் கொடுக்க ஆயத்தமாக வருகிறவரிடம் இந்த நகரம் அதிகம் கேட்பதில்லை.

நான் இங்கே சிவப்பு இரட்டைத் தட்டு பஸ் ஓட்டுகிறவன். சொந்த ஊர் பருத்தித்துறை. கனடா, கொழும்பு, சென்னை என்று எல்லாத் திசையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தபடியே இருப்பார்கள். வந்து இறங்கியதும் கேட்பது ஒரே கேள்வி: "தம்பி, அதிகம் செலவில்லாமல் பார்க்க ஏதும் வழி இருக்கிறதா?" அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பஸ்காரன் என்பதால் பஸ் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹீத்ரோவில் இறங்கினால் கண்ணுக்கு முதலில் படுவது ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் என்ற விரைவு ரயிலின் விளம்பரம்தான். அதைக் கடந்து போங்கள். பிக்காடில்லி பாதை என்ற சுரங்க ரயில் அதே நிலையத்திலிருந்து நகரின் நடுவுக்குப் போகிறது. கட்டணம் ஆறு பவுண்டு அளவில். எலிசபெத் பாதை அதைவிட வேகம், விலை இரண்டு மடங்குக்கு மேல். எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை அன்றைக்கே வாங்கினால் நாலு மடங்குக்கு மேல். பிக்காடில்லி ரயிலில் பெட்டிகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வருவது பெரிய துன்பம் ஒன்றுமில்லை. இரவு வெகு நேரம் கழித்து வந்து இறங்குகிறீர்களா? என்9 என்ற இரவு பஸ் ஹீத்ரோவிலிருந்து டிராஃபல்கர் சதுக்கம் வழியாக ஆல்ட்விச் வரை வருகிறது. அதற்கும் சாதாரண பஸ் கட்டணம்தான். விமான நிலைய வாசலில் டாக்சிக்கு வரிசையில் நிற்கிற பலருக்கு இப்படி ஒரு பஸ் இருப்பதே தெரியாது.

பஸ் கட்டணம் இதை எழுதும்போது 1.75 பவுண்டு. தூரக் கணக்கு இல்லை: ஒரு நிறுத்தம் போனாலும் கடைசி வரை போனாலும் அதேதான். முதல் பஸ்ஸில் அட்டையைத் தொட்ட நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் மேற்கொண்டு காசு கிடையாது. இதை ஹாப்பர் கட்டணம் என்பார்கள். கவனியுங்கள், கடைசி பஸ்ஸில் ஏறும் நேரம்தான் அந்த ஒரு மணிக்குள் இருக்க வேண்டும். இறங்குவது எப்போது என்று யாரும் கேட்பதில்லை. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் ஏறி இன்னும் ஒரு மணி நேரம் அதிலேயே உட்கார்ந்து போகலாம். அதற்கு மேல் ஒரு நாளைக்கு 5.25 பவுண்டு என்று உச்ச வரம்பும் உண்டு. மூன்று தடவை கட்டணம் எடுத்தபிறகு அன்றைக்கு மீதி பஸ் பயணமெல்லாம் சும்மா. சுரங்க ரயிலிலும் வரம்பு உண்டு, ஆனால் நகரின் உள் வட்டத்துக்குள்ளேயே அது ஒன்பது பவுண்டுக்குக் கிட்ட வரும்.

காசு நோட்டை நீட்டாதீர்கள். 2014ஆம் ஆண்டிலிருந்து லண்டன் பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. வங்கி அட்டை, கைப்பேசி, அல்லது காசு போட்டு வைத்துக்கொள்கிற ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டை. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். கணவர் தொட்டுவிட்டு அதே அட்டையை மனைவியிடம் கொடுக்கிற வேலை நடக்காது. காலையில் அட்டையைத் தொட்டால் நாள் முழுக்க அதே அட்டைதான். இடையில் கைப்பேசியால் தொட்டால் அதை வேறு ஆளாக எடுத்துக்கொண்டு வரம்புக் கணக்கை முதலிலிருந்து தொடங்கும். வெளிநாட்டு அட்டை என்றால் உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள். அது கூடுதலாக இருந்தால் ஆய்ஸ்டர் வாங்கிக் காசு போட்டுக்கொள்வது நல்லது. அட்டைக்கென்று தனிக் கட்டணம் உண்டு, அது திரும்பி வராது. பதினொரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு பஸ் இலவசம். பதினொன்றிலிருந்து பதினைந்து வயது வரை என்றால் சுரங்க ரயில் நிலையத்தில் பணியாளரிடம் ஆய்ஸ்டர் அட்டையைக் கொடுத்து 'யங் விசிட்டர்' சலுகை போட்டுத் தரச் சொல்லுங்கள். பதினான்கு நாளுக்குப் பாதிக் கட்டணம். கேட்டால்தான் போடுவார்கள்.

இனி ஏறுகிற முறை. நிறுத்தக் கம்பத்தின் உச்சியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், சில இடங்களில் இரண்டு. ஒரே பெயரில் சந்தியைச் சுற்றிப் பத்து நிறுத்தங்கள் இருக்கும்போது எதில் நிற்க வேண்டும் என்பதை அந்த எழுத்துதான் சொல்லும். கைப்பேசி வரைபடமும் அதே எழுத்தைக் காட்டும். உங்கள் பஸ் வந்தால் கையை நீட்டுங்கள். நீங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றால், வேறு பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள் என்றுதான் நான் நினைப்பேன். முன் கதவால் ஏறி அட்டையை மஞ்சள் வட்டத்தில் தொட வேண்டும். இறங்கும்போது தொட வேண்டியதில்லை. சுரங்க ரயிலில் மட்டும் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். மணியை ஒரு தடவை அழுத்தினால் போதும். நாலு தடவை அழுத்துவதால் நான் வேகமாக நிறுத்தப் போவதில்லை.

மேல்தட்டில் முன்னால் இடது பக்க இருக்கை. இதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன். கண்ணாடிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. நடைபாதை மரங்களின் கிளைகள் கண்ணாடியில் சரசரவென்று உரசிக்கொண்டு போகும். கடைகளின் பெயர்ப்பலகைக்கு மேலே இருக்கிற பழைய கட்டடங்களின் கல் வேலைப்பாடுகள், கீழே நடப்பவர் யாரும் நிமிர்ந்து பார்க்காதவை, உங்கள் கண் மட்டத்தில் வரும். சந்தியில் பஸ் திரும்பும்போது முன் சக்கரங்கள் உங்களுக்குப் பின்னால் இருப்பதால், நீங்கள் எதிர்ச் சுவரில் மோதுகிற அளவுக்குப் போய்த்தான் திரும்புவீர்கள். பிள்ளைகள் அந்த இடத்தில் கத்துவது கீழே எனக்கு நன்றாகக் கேட்கும். மழை நாளில் கண்ணாடி உட்பக்கம் பனித்துவிடும், ஒரு துணி கொண்டு போங்கள்.

எந்தப் பஸ் என்று கேட்பீர்கள். முதல் நாளுக்கு 24. ஹாம்ஸ்டெட் ஹீத் பக்கம் சவுத் எண்ட் கிரீனில் புறப்பட்டு கேம்டன் டவுன், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, டிராஃபல்கர் சதுக்கம், வைட்ஹால், நாடாளுமன்றம், விக்டோரியா என்று பிம்லிகோ வரை போகும். நூறாண்டைத் தாண்டிய தடம் இது. காலையில் ஹீத் மைதானத்தில் நடந்து பார்லிமெண்ட் ஹில் மேட்டில் ஏறி நகரம் முழுவதையும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கீழே வந்து இதில் ஏறுங்கள். மேலிருந்து பார்த்த நகரத்துக்குள்ளேயே அது உங்களைக் கூட்டிக்கொண்டு இறங்கும். அடுத்தது 15. டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து ஸ்ட்ராண்ட், ஃப்ளீட் ஸ்ட்ரீட், புனித பால் பேராலயம், லண்டன் கோபுரம். மூன்றாவது 9. ஹாமர்ஸ்மித்திலிருந்து கென்சிங்டன், ராயல் ஆல்பர்ட் ஹால், ஹைட் பார்க் மூலை வழியாக ஆல்ட்விச். முப்பது பவுண்டுக்கு மேல் கொடுத்து ஏறுகிற திறந்த மாடிச் சுற்றுலா பஸ்களும் பெரும்பாலும் இதே தெருக்களில்தான் இதே நெரிசலில் நிற்கின்றன. பின்னேரம் நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் மட்டும் நகர மையத்தில் எங்களை நம்பாதீர்கள். அந்த நேரத்தில் நடப்பவர் எங்களை முந்திப் போவார்.

15இல் போய் லண்டன் கோபுரத்தில் இறங்கினால் டவர் பிரிட்ஜில் நடப்பது இலவசம். பாலம் 1894இல் திறக்கப்பட்டது. பெரிய கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே எழும். எந்த நாள் எத்தனை மணிக்கு என்று பாலத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே போடுகிறார்கள். பார்த்து வைத்துக்கொண்டு போனால், உள்ளே கட்டணக் காட்சிக்கூடத்துக்குப் போவதைவிட நல்ல காட்சி வெளியே நின்று கிடைக்கும். 1952 டிசம்பரில் 78ஆம் எண் பஸ் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தபோது எச்சரிக்கை இல்லாமல் பாலம் எழும்பத் தொடங்கியது. ஆல்பர்ட் கன்டர் என்ற ஓட்டுநர் பிரேக் பிடிக்காமல் வேகத்தைக் கூட்டி, இடைவெளியைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் பஸ்ஸைக் குதிக்க வைத்தார். யாரும் சாகவில்லை. அவருக்குப் பரிசாகக் கிடைத்தது பத்து பவுண்டு. 78 இன்னும் அந்தப் பாலத்தில் ஓடுகிறது. ஏறிப் பாருங்கள், இப்போது யாரும் குதிப்பதில்லை.

சுரங்க ரயில் வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தை முடிவு செய்யாதீர்கள். அது ஹாரி பெக் என்பவர் மின்சுற்று வரைவதைப் போல வரைந்தது. 1933இல் வெளிவந்த அந்த முறைதான் இன்றும். அதில் நிலையங்களின் வரிசை சரி, தூரம் பொய். லெஸ்டர் சதுக்கத்திலிருந்து கோவென்ட் கார்டன் வரைபடத்தில் ஒரு நிலையம். தெருவில் நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிலையத்துக்குக் காசு கொடுத்து, படி இறங்கி, லிஃப்டில் ஏறி வருகிறவர்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில். மையத்தில் நல்ல சப்பாத்தும் ஒரு வரைபடமும்தான் மலிவான வாகனம்.

அருங்காட்சியகங்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் கூடங்களுக்கு நுழைவு இலவசம். வாசலில் நன்கொடைப் பெட்டி இருக்கும்; ஐந்து பவுண்டு என்று எழுதியிருந்தாலும் அது விருப்பம்தான், கட்டாயம் இல்லை. நான் சொல்ல வருவது வேறு: இலவசம் என்பதற்காக ஒரே நாளில் மூன்றைப் பார்க்காதீர்கள். காசு கொடுத்துப் போனால்தான் முழுவதையும் பார்த்தாக வேண்டும் என்ற நெருக்கடி. இலவசம் என்றால் ஒரு மணி நேரம் இரண்டு அறையைப் பார்த்துவிட்டு வெளியே வரலாம், இரண்டு நாள் கழித்து மறுபடி போகலாம். வெள்ளிக்கிழமை இரவுகளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், நேஷனல் கேலரி, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மூன்றும் வழக்கத்தைவிட நேரம் கழித்து மூடுகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் போன பிறகு போங்கள். சக்கரம் வைத்த பெட்டியோடு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனால் உள்ளே விடமாட்டார்கள்.

அங்கே எல்லோரும் ரொசெட்டா கல்லைச் சுற்றி நெருக்கியடித்து நிற்பார்கள். நீங்கள் 33ஆம் அறைக்குப் போங்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்த பௌத்தப் பெண் தெய்வம் தாராதேவி அங்கே நிற்கிறாள். எட்டாம் நூற்றாண்டு அளவில் வார்த்த வெண்கலம், மேலே பொன் முலாம், ஆள் உயரத்தில் முக்கால்வாசி. இலங்கையின் பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த ராபர்ட் பிரவுன்ரிக் 1830இல் இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். வலக்கை வரம் தரும் முத்திரையில் கீழே நீண்டிருக்கிறது. இடக்கை விரல்கள் எதையோ பிடித்திருக்கிற பாவனையில் இருக்கின்றன, உள்ளே ஒன்றும் இல்லை. தாமரையாக இருந்திருக்க வேண்டும். உயரமான கொண்டையில் ஒரு சிறு குழி தெரியும், அங்கே பதித்திருந்தது எங்கே போனதோ. உடம்பில் பூச்சு அங்கங்கே தேய்ந்து, விளக்கொளி படுகிற இடத்தில் மட்டும் மஞ்சளாக மின்னும். பக்கத்தில் வந்து நின்று போகிறவர்களில் அவள் ஊரைத் தெரிந்தவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். எனக்கு அவளைப் பார்க்கப் போனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கோபமும் வரும், அதே அளவு மகிழ்ச்சியும் வரும்.

பக்கத்திலேயே 33ஏ என்ற கண்ணாடி அறையில் அமராவதிச் சிற்பங்கள். மற்றொரு பங்கை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய கணக்கு விளங்கும். அவற்றுள் ஒரு பலகைக் கல்லில் இரண்டு பக்கமும் செதுக்கல். ஒரு பக்கம் ஆள் இல்லாத ஆசனமும் போதி மரமும். சில நூற்றாண்டு கழித்து அதே கல்லைத் திருப்பி மறுபக்கத்தில் தூபியைச் செதுக்கியிருக்கிறார்கள். சிக்கனம் நமக்கு மட்டும் வந்த யோசனை இல்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் அபே, புனித பால் பேராலயம் இரண்டுக்கும் உள்ளே போக ஆளுக்கு 25 பவுண்டுக்கு மேல். ஆனால் அங்கே பின்னேரம் நடக்கிற ஈவன்சாங் வழிபாட்டுக்குக் கட்டணம் இல்லை, எந்த மதத்தவரும் போகலாம். பெரும்பாலும் ஐந்து மணி அளவில். நாளுக்கு நாள் மாறும், பாடகர் குழு இல்லாத நாளும் உண்டு, இணையதளத்தில் பார்த்துவிட்டு அரைமணி முன்னால் போய் நில்லுங்கள். இது சுற்றிப் பார்க்கிற நேரம் இல்லை. படம் எடுக்க முடியாது, நியூட்டன் கல்லறையைத் தேடி அலைய முடியாது. உட்கார்ந்த இடத்தில் முக்கால் மணி நேரம் பாட்டைக் கேட்க வேண்டும். நான் சைவக்காரன். ஆனாலும் அந்தச் சிறுவர்களின் குரல் கூரை வரை எழும்பித் திரும்பி வருவதைக் கேட்டபோது, காசு கொடுத்துப் பகலில் வந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டு நடந்திருந்தால் இது கிடைத்திருக்காது என்று நினைத்தேன்.

நாடாளுமன்றம் கூடுகிற நாளில் மேல்மாடத்தில் உட்கார்ந்து விவாதத்தைக் கேட்கவும் கட்டணம் இல்லை. விமான நிலையம் மாதிரிச் சோதனை மட்டும் உண்டு. போகிற வழியில் 1097ஐ ஒட்டிக் கட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைப் பார்க்கலாம். தலைமை அமைச்சரின் கேள்வி நேரத்துக்கு ஆசைப்படாதீர்கள், இடம் கிடைக்காது. சாதாரண வியாழக்கிழமை விவாதம் போதும். பத்துப் பேர் உட்கார்ந்து மீன்பிடிச் சட்டத்தைப் பற்றிக் கதைப்பதில் ஒரு தனி சுவாரசியம் உண்டு. வழக்கு மன்றம் பார்க்க விருப்பம் உள்ளவர்கள் ஓல்ட் பெய்லிக்குப் போகலாம். அங்கேயும் பொதுமக்கள் மாடம் இலவசம். ஆனால் கைப்பேசி, பை எதுவும் கொண்டுபோக விடமாட்டார்கள், வாங்கி வைக்கவும் மாட்டார்கள்; அன்றைக்கு வெறுங்கையோடு போக வேண்டும்.

உயரத்துக்கு வருவோம். லண்டன் ஐ ராட்டினமும் ஷார்ட் கோபுரமும் குடும்பத்தோடு போனால் நூறு பவுண்டை விழுங்கிவிடும். ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டில் 35ஆம் மாடியில் ஸ்கை கார்டன், பிஷப்ஸ்கேட்டில் ஹொரைசன் 22 இரண்டும் இலவசம். முன்பதிவு மட்டும் வேண்டும். பயணத் தேதி தெரிந்ததும் இணையதளத்தில் எப்போது திறப்பார்கள் என்று பார்த்து வையுங்கள், சூரியன் மறைகிற நேரம்தான் முதலில் தீரும். இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பேன் என்றால் ஹொரைசன் 22. இன்னும் உயரம், செடி கொடி இல்லை, கண்ணாடியும் நகரமும் மட்டும். பதிவு கிடைக்கவில்லை என்றால் கவலை இல்லை, பிரிம்ரோஸ் ஹில் மேடு எப்போதும் இருக்கிறது.

பக்கிங்காம் அரண்மனைக் காவல் மாற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முண்டியடித்து நின்று யாரோ ஒருவரின் முதுகைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். வைட்ஹாலில் ஹார்ஸ் கார்ட்ஸ் பக்கம் காலை பதினொரு மணிக்கு, ஞாயிறு என்றால் பத்து மணிக்கு, குதிரைப்படைக் காவல் மாறும். குதிரை மூச்சு விடுகிற தூரத்தில் நிற்கலாம்.

நாடகம் பார்க்கவேண்டுமென்றால் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கு. மேடைக்கு முன்னால் கூரையில்லாத முற்றத்தில் நிற்பவர்களுக்கு ஐந்து பவுண்டிலிருந்து டிக்கெட். மழை பெய்தால் நனைய வேண்டும், குடை பிடிக்க விடமாட்டார்கள், கீழே உட்காரவும் விடமாட்டார்கள். ஊரில் கோயில் முற்றத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு மூன்று மணி நேரம் நிற்பது பெரிய காரியம் இல்லை. கோடையில், ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை, ராயல் ஆல்பர்ட் ஹாலில் ப்ராம்ஸ் இசைவிழா. அங்கேயும் நின்று கேட்கும் டிக்கெட் பத்து பவுண்டுக்குள், அன்றன்றைக்குக் காலையில் இணையத்தில் விடுவார்கள்.

சாப்பாடு. மத்திய லண்டனில் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் பையைக் காலி செய்யும். மதியத்துக்கு பேரங்காடிகளில் 'மீல் டீல்' என்று சாண்ட்விச், நொறுக்கு, குடிபானம் மூன்றும் சேர்த்து நாலு பவுண்டுச் சொச்சத்துக்குக் கிடைக்கும். அந்தந்தக் கடையின் உறுப்பினர் அட்டை இருந்தால் இன்னும் குறையும். கைப்பேசியிலேயே இலவசமாக எடுக்கலாம். இரவு ஏழு மணிக்குமேல் அதே கடையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பொருட்களைத் தேடுங்கள், அன்றோடு தேதி முடிகிற பொருள், பாதி விலைக்கும் கீழே. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கவே வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. மது விற்கும் உரிமம் உள்ள கடைகள் கேட்பவருக்கு இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்பது சட்டம். பரோ சந்தைக்குப் போங்கள், மணத்தை முகருங்கள், சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யூஸ்டன் நிலையத்துக்குப் பின்னால் டிரம்மண்ட் ஸ்ட்ரீட்டில் சைவ உணவகங்கள் உண்டு, அங்கே மதிய பஃபே ஒரு வேளைக்கு இரண்டு வேளை தாங்கும்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஈஸ்ட் ஹாம். டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து 15இல் ஏறி ஆல்ட்கேட்டைத் தாண்டி கமர்ஷியல் ரோட்டில் மாறி 115 பிடியுங்கள், ஒரே 1.75இல் வந்துவிடலாம். ஈஸ்ட் ஹாம் டவுன் ஹால் அருகில் இறங்கி ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் தோசைக் கடை, கொத்து ரொட்டிக் கடை, மரக்கறிக் கடை என்று தமிழில் கேட்டுத் தமிழில் வாங்கலாம். மட்டன் ரோல்ஸ் இரண்டும் ஒரு தேநீரும் வாங்கினால் மத்திய லண்டனில் காப்பி குடிக்கிற செலவுதான். தெற்கில் டூட்டிங்கும் அப்படியே. சவுத்ஹாலில் பெரிய குருத்வாரா இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு போனால் யார் எவர் என்று கேட்காமல் சாப்பாடு போடுவார்கள். அதைச் சிக்கனக் கணக்கில் சேர்ப்பதற்கு எனக்கே கூச்சம்தான், சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவக் கொஞ்ச நேரம் நின்றால் கூச்சம் போய்விடும்.

தங்குமிடத்தில் ஒன்றுதான் சொல்வேன்: மையத்தில் ஜன்னலில்லாத அறைக்கு மல்லுக்கட்டாமல், ஸ்ட்ராட்ஃபோர்ட், இல்ஃபோர்ட் மாதிரி பஸ்ஸும் ரயிலும் நிறைய ஓடுகிற இடத்தில் எடுங்கள். கோடை விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளின் அறைகளை வெளியாருக்கு விடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் எல்லாமே மலிவு. குளிருக்குக் கோட்டு ஊரிலேயே வாங்கிச் சுமந்துகொண்டு வர வேண்டாம். இங்கே தெருவுக்குத் தெரு அறக்கட்டளைக் கடைகள் உண்டு, பழைய துணி விற்பார்கள். கென்சிங்டன், ஹாம்ஸ்டெட் மாதிரிப் பணக்காரப் பகுதிக் கடைகளுக்குப் போங்கள். அவர்கள் ஒரு குளிருக்குப் போட்டுவிட்டுக் கொடுத்த கோட்டு உங்களுக்குப் பத்துக் குளிர் தாங்கும்.

ஒரு முழு நாள் மிச்சம் இருந்தால் கிரீனிச். ரஸ்ஸல் சதுக்கம், வாட்டர்லூ வழியாக வருகிற 188 போகும். தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் இலவசம். டிராஃபல்கர் போரில் கடற்படைத் தளபதி நெல்சன் போட்டிருந்த சீருடைக் கோட்டின் இடத் தோளில் குண்டு துளைத்த ஓட்டையைப் பார்க்கலாம். மேலே வான் ஆய்வகத்துக்குள் காசு கொடுத்து, பூஜ்ஜியத் தீர்க்கரேகையின் மேல் காலை அகற்றி நின்று படம் எடுக்க வரிசை நிற்பார்கள். அதே ரேகை மதிலுக்கு வெளியே வடக்குப் பக்கப் பாதையிலும் போகிறது, சுவரில் குறித்திருக்கிறார்கள், அங்கே வரிசையும் இல்லை கட்டணமும் இல்லை. பூமிக்கு இரண்டும் ஒரே ரேகைதான்.

இறங்கி வந்து கட்டி சார்க் கப்பலின் பக்கத்தில் குவிமாடம் போட்ட ஒரு சிறு வட்டக் கட்டடத்தைத் தேடுங்கள். 1902இல் திறந்த நடைச் சுரங்கம் அது. தேம்ஸுக்கு அடியில் 370 மீட்டர், வெள்ளை ஓடு பதித்த குழாய், நடுவில் லேசாகத் தாழ்ந்து எதிர்ப்பக்கம் உயரும். மறுகரையில் ஐலண்ட் கார்டன்ஸ். திரும்பிப் பார்த்தால் கிரீனிச் முழுவதும் ஆற்றுக்கு மேலே தெரியும். கையில் கொண்டுவந்த சாப்பாட்டை அங்கே இருக்கிற வாங்குப் பலகையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிறகு டி7 பஸ் பிடித்து ஆல் செயின்ட்ஸ் வந்து 115க்கு மாறினால் நேரே ஈஸ்ட் ஹாம். பிள்ளைகள் கூட இருந்தால் டிஎல்ஆர் ரயிலின் முன் இருக்கைக்கு அடம்பிடிப்பார்கள், அதில் ஓட்டுநர் அறையே இல்லை, கண்ணாடிக்கு முன்னால் தண்டவாளம்தான். ஓட்டுநர் இல்லாத வண்டியைப் பற்றி என் வாயால் நல்லதாகச் சொல்வது பாவம், ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமே.

படகிலும் போக ஆசையென்றால் வுலிச்சில் ஒரு படகுத் துறை. 1889இலிருந்து ஆற்றைக் கடக்க இலவசம், இன்றைக்கும்தான். லாரிகளுக்கு நடுவில் ஐந்து பத்து நிமிடப் பயணம், மதுக் கோப்பையும் விளக்கவுரையும் கிடையாது. ஆற்று மணமும் காற்றும் உண்டு.

கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டாம்: பெரிய ரயில் நிலையங்களில் 2019இலிருந்து இலவசம், அருங்காட்சியகங்களிலும் இலவசம். பூங்காக்களில் கோடு போட்ட சாய்வு நாற்காலி கண்டதும் உட்காராதீர்கள், ஆள் வந்து வாடகை கேட்பார். புல்லுக்கும் மர வாங்குக்கும் வாடகை இல்லை. கால் வலித்தால், மழை வந்தால், பிரிட்டிஷ் நூலகத்துக்குள் போங்கள். இருக்கை, இணையம், சூடு எல்லாம் உண்டு, மாக்னா கார்ட்டா என்ற பழைய உரிமைச் சாசனத்தை வைத்திருக்கிற அறைக்கும் கட்டணம் கிடையாது.

ஆய்ஸ்டர் வாங்கியிருந்து அதில் இரண்டு மூன்று பவுண்டு மிஞ்சினால் அதைச் செலவழிக்கவென்று கடைசி நாளில் தேவையில்லாமல் ரயில் ஏற வேண்டாம். அந்தக் காசு காலாவதி ஆவதில்லை. அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்து லண்டனுக்கு வருகிற சொந்தக்காரர் யாரோ அவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.